ஜப்பான் சதுப்பு நிலம் அல்ல

போன வருஷம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, நண்பர் வீட்டு மொட்டை மாடியில் ஸ்கோர்செஸியின் ‘சைலன்ஸ்’ பார்த்தோம். படம் முடிந்து கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் சொன்னார்: “பாத்தியா, அந்த மண்ணு ஏத்துக்கல. வெளியிலேர்ந்து கொண்டுவந்தது வேர் பிடிக்காது.” எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. படத்தைவிட அந்தத் தலையாட்டல்தான் வீடு திரும்பும் வழியெல்லாம் கூடவே வந்தது.

நாவல் ஷுசாகு எண்டோவுடையது, 1966இல் வந்தது. அதில் மதத்தைக் கைவிட்ட பாதிரியார் ஃபெரைரா, தன்னைத் தேடிவந்த சீடனிடம் ஜப்பானைச் சதுப்பு நிலத்துக்கு ஒப்பிடுவார். அங்கே எதை நட்டாலும் வேர் அழுகிவிடும் என்பது அவர் கட்சி. நாவலுக்குள் அது உடைந்துபோன ஒரு மனிதனின் சமாதானம். சித்திரவதைக் குழியில் தலைகீழாகத் தொங்கியவன், தான் விட்டுக்கொடுத்தது பெரிய விஷயமில்லை என்று தனக்கே சொல்லிக்கொள்கிறான். நம்மாட்கள் அதை அப்படியே வரலாற்றுத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நாலு இலக்கியக் கூட்டத்தில் கேட்டாகிவிட்டது. இந்த வாசிப்பு சோம்பேறித்தனமானது, அதைவிட முக்கியமாக, தவறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் ‘ஓ, நீ அந்தப் பார்ட்டியா’ என்று கேட்க வேண்டாம். நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். இப்போது கல்யாணம், சாவு, கிறிஸ்துமஸ் தவிர கோயில் பக்கம் போவதில்லை. என் தாத்தா தென்மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் உபதேசியார். இந்த வார்த்தை தெரியாதவர்களுக்கு: பங்குச் சாமியார் மாதம் ஒருமுறை வந்து பூசை வைத்துவிட்டுப் போகும் கிளைக்கிராமத்தில், மிச்ச இருபத்தொன்பது நாளும் கோயிலைத் திறப்பவர், மணியடிப்பவர், ஞாயிற்றுக்கிழமை செபம் சொல்பவர், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துபவர், சாமியார் வந்து சேர்வதற்குள் செத்துவிடும் பச்சைக் குழந்தைக்கு ஆபத்துக்கால ஞானஸ்நானம் கொடுப்பவர், பிறகு அதைப் புதைக்கிறவர். இதற்குத் தாத்தா வாங்கிய சம்பளத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அவருக்கு இன்னும் திரும்பி வருவேன்.

இப்போது ஜப்பான்.

1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் பிரான்சிஸ் சவேரியார் இறங்கினார். நம் முத்துக்குளித்துறையில் தமிழ்ச் செபங்களை மனப்பாடம் செய்து மணியடித்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தாரே, அதே சவேரியார். படங்களில் அவர் தனியாக, கையில் சிலுவையோடு கரையில் நிற்பார். உண்மையில் கப்பலிலிருந்து இறங்கியது ஒரு சின்னக் கூட்டம். அவரோடு இரண்டு ஸ்பானியத் தோழர்கள். அவர்களோடு அஞ்சிரோ என்ற ஜப்பானியர். கொலை ஒன்று செய்துவிட்டு ஊரைவிட்டு ஓடி, மலாக்காவில் சவேரியாரைச் சந்தித்து, கோவாவில் ஞானஸ்நானம் பெற்றவர். இன்னும் இரண்டு ஜப்பானியர்கள், ஒரு சீன வேலைக்காரர், அமாதோர் என்று பெயர் சூட்டப்பட்ட ஒரு மலபார்க்காரர். ஆமாம், ஜப்பானுக்குப் போன முதல் மிஷனில் நம் பக்கத்து ஆள் ஒருவர் மூட்டை சுமந்திருக்கிறார். இதை எந்தச் சவேரியார் திருநாள் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

சவேரியாருக்கு ஜப்பானிய மொழி வரவில்லை. அஞ்சிரோ சொன்னதுதான் வேதம். கடவுளுக்கு ஜப்பானியத்தில் என்ன சொல்வது என்று கேட்டபோது, அஞ்சிரோ தனக்குத் தெரிந்ததில் பெரிய பெயரைச் சொன்னார்: ‘தாய்நிச்சி’. அது ஷிங்கோன் பௌத்தத்தின் மகாவைரோசன புத்தர். இரண்டு வருஷம் சவேரியார் தெருவில் நின்று தாய்நிச்சியை வணங்குங்கள் என்று பிரசங்கம் செய்திருக்கிறார். ஷிங்கோன் பிக்குகள் சந்தோஷமாக வரவேற்றார்கள், வரவேற்கத்தானே செய்வார்கள்? யமகுச்சியில் விஷயம் புரிந்ததும் பதறிப்போய் லத்தீன் ‘தேயுஸ்’ என்ற சொல்லுக்கு மாறினார். அதை ஜப்பானிய வாயில் சொன்னால் ‘தெயுசு’. பிக்குகள் அதை ‘தாய் உசோ’ என்று திரித்துச் சிரித்தார்கள். பெரும்பொய் என்று அர்த்தம்.

இந்தக் கதையைச் சொல்லும் எல்லோரும் அஞ்சிரோவைக் கேலி செய்வார்கள். படிப்பறிவு போதாத மொழிபெயர்ப்பாளர் என்பார்கள். ஜப்பானியக் கம்பெனிகளுக்கு வேலை பார்க்கும் நம்மூர் ஐடி ஆபீஸ்களில் ‘பிரிட்ஜ் எஸ்.இ.’ என்று ஒரு பதவி உண்டு. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கத்து மௌனத்தை அந்தப் பக்கத்துக்கு விளக்குகிறவர். டெலிவரி நன்றாகப் போனால் அவர் பெயரை யாரும் எடுப்பதில்லை. ஏதாவது சொதப்பினால் முதல் மெயிலிலேயே அவர் பெயர் இருக்கும். மூன்று வருஷம் அந்த நாற்காலியில் இருந்தவன் என்ற முறையில் அஞ்சிரோமேல் எனக்கு ஒரு தனிப் பாசம்.

சவேரியார் இரண்டே கால் வருஷத்தில் கிளம்பிவிட்டார். அதற்குள் சேர்ந்தவர்கள் ஆயிரத்துக்குள்தான். ஆனால் 1582 வாக்கில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம். 1614இல் தடைச் சட்டம் வரும்போது மூன்று லட்சம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அந்த ஒன்றரை லட்சத்துக்கு இருந்த இயேசு சபையினர் நூறு பேருக்கும் குறைவு, அதிலும் பாதிப்பேருக்கு உருப்படியாக ஜப்பானியம் பேச வராது. கணக்கு இடிக்கிறதல்லவா? பேசத் தெரியாத நூறு பேர் எப்படி ஒன்றரை லட்சம் பேரோடு பேசினார்கள்?

அவர்கள் பேசவில்லை. லொரென்சோ பேசினார்.

ஹிராடோ பக்கத்து ஆள். ஒரு கண் சுத்தமாகத் தெரியாது, இன்னொன்று அரைகுறை. ‘பீவா’ என்ற நரம்புக் கருவியை மீட்டிப் போர்க்கதைகள் பாடிப் பிழைத்தவர். நம்மூர் வில்லுப்பாட்டுக்காரர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1551இல் யமகுச்சியில் சவேரியாரிடம் ஞானஸ்நானம் பெற்றார். அதற்குப் பிறகு நாற்பது வருஷம் இவர் நடக்காத சாலையில்லை. 1560இல் கியோத்தோவில் ஷோகுன் அஷிககா யோஷிதெருவிடமிருந்து போதிக்க அனுமதி கிடைத்தது. பதிவேட்டில் அதைப் பெற்றவர் கஸ்பார் விலேலா, பக்கத்தில் நின்று வாயாக இருந்தவர் லொரென்சோ. 1563இல் நாரா பக்கத்து அறிஞர்கள் இந்தப் புது மதத்தை விசாரிக்க அழைத்தார்கள். சூழ்ச்சியாக இருக்குமோ என்று பயந்து, விலேலா முதலில் லொரென்சோவை அனுப்பினார். கண் தெரியாத பாட்டுக்காரர் தனியாகப் போய்ப் படித்தவர்களோடு வாதம் செய்தார். கேட்டவர்கள் மனம் மாறிய பிறகு விலேலா வந்து தண்ணீர் ஊற்றினார். அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருவர் தக்கயாமா என்ற சாமுராய். அவர் மகன்தான், பின்னாளில் மதத்தை விட மறுத்துத் தன் நிலத்தை எல்லாம் இழந்து, 1615இல் மணிலாவில் நாடுகடத்தப்பட்டவராக இறந்த தக்கயாமா உகோன். 2017இல் திருச்சபை அவரை அருளாளராக அறிவித்தது.

லொரென்சோ 1592இல் நாகசாகியில் இறந்தார். இயேசு சபையில் சகோதரர். கடைசிவரை குருப்பட்டம் கிடையாது.

இவர் மட்டுமில்லை. ‘தோஜுக்கு’ என்று ஒரு வகுப்பு இருந்தது. பௌத்த மடங்களில் எடுபிடிச் சீடர்களுக்கான பெயர். அதையே மிஷன் தன் உபதேசியார்களுக்கு வைத்துக்கொண்டது. இவர்கள்தான் கிராமங்களில் போதித்தார்கள், மொழிபெயர்த்தார்கள், நோயாளிகளைப் பார்த்தார்கள், செத்தவர்களை அடக்கம் செய்தார்கள். இவர்களுக்குச் சபையில் வார்த்தைப்பாடு கிடையாது, பதவி கிடையாது. ஐரோப்பாவுக்குப் போன கடிதங்களில் பெரும்பாலும் பெயரும் கிடையாது.

ஏன் இவர்களைக் குருவாக்கவில்லை? 1570இலிருந்து பத்து வருஷத்துக்கு மேல் ஜப்பான் மிஷனின் தலைவராக இருந்தவர் ஃபிரான்சிஸ்கோ கப்ரால். அவருக்கு ஜப்பானியர்களைப் பிடிக்காது, அதை அவர் மறைத்ததும் இல்லை. லத்தீனும் போர்த்துக்கீசியமும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கக் கூடாது என்று வைத்திருந்தார். மொழி தெரிந்துவிட்டால் நாம் நமக்குள் பேசுவது அவர்களுக்குப் புரிந்துவிடும், பிறகு மதிக்க மாட்டார்கள் என்பது பயம். டாக்குமென்டேஷன் எழுதாமல் எல்லாவற்றையும் தன் தலைக்குள் வைத்துக்கொள்ளும் சீனியரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்தான் இவர்.

1579இல் மேற்பார்வைக்கு வந்த அலெஸ்ஸாந்த்ரோ வலிஞானோ கப்ராலோடு மோதினார், கப்ரால் பதவியிழந்து போனார். வலிஞானோ அரிமாவிலும் அசுச்சியிலும் பள்ளிகள் தொடங்கினார். ஜப்பானிய மரியாதை முறைகளை மிஷனரிகள் கற்றுக்கொண்டே ஆகவேண்டும் என்று கையேடு எழுதினார். 1590இல் அச்சு இயந்திரம் கொண்டுவந்தார். இங்கே கைதட்டலாம் என்று நினைக்கிறீர்கள். நானும் ரொம்ப நாள் தட்டிக்கொண்டிருந்தேன். பிறகு இந்தியாவைப் பற்றி இதே மனிதர் எழுதியதைப் படித்தேன். அவர் பார்வையில் ஜப்பானியர் ‘வெள்ளையர்’. நாம் கறுத்தவர்கள், அறிவும் திறமையும் குறைந்தவர்கள், சபையில் சேர்க்கத் தகாதவர்கள். அந்தப் புகழ்பெற்ற பண்பாட்டு உள்வாங்கல், நிறத்தைப் பார்த்துத்தான் கொடுக்கப்பட்டது.

அப்படிப்பட்ட வலிஞானோ ஆதரித்தும்கூட முதல் இரண்டு ஜப்பானியக் குருக்கள் பட்டம் பெற்றது 1601இல். சவேரியார் இறங்கி 52 வருஷம் கழித்து! அவர்களில் ஒருவரான செபஸ்தியான் கிமுரா, ஹிராடோவில் சவேரியாருக்கு இடம்கொடுத்த குடும்பத்தின் பேரன். 1622இல் நாகசாகியில் உயிரோடு எரிக்கப்பட்டார். மூன்று லட்சம் பேர் கொண்ட சமூகத்தில், தடை வந்த 1614இல், ஜப்பானியக் குருக்கள் இருபது பேர்கூட இல்லை. சதுப்பு நிலம் என்கிறீர்களே, நாற்றை நடவே விடாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தவர்கள் யார்?

சரி, இன்னொரு பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும். அதையும் பார்த்துவிடுவோம். “அரிசி கொடுத்து, ஆயுதம் காட்டிச் சேர்த்த கூட்டம்தானே அது?” இதில் உண்மை இருக்கிறது, நான் மழுப்பப்போவதில்லை. போர்த்துக்கீசியக் கப்பல் தன் துறைமுகத்துக்கு வரவேண்டும் என்பதற்காக மதம் மாறிய பிரபுக்கள் உண்டு. ஓமுரா சுமிததா 1574இல் தன் ஆட்சிப்பகுதி முழுவதையும் மாறச் சொன்னார். பௌத்தக் கோயில்கள் இடிக்கப்பட்டன. மாற மறுத்தவர்கள் ஊரைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. 1580இல் நாகசாகித் துறைமுகத்தையே இயேசு சபைக்கு எழுதிக்கொடுத்தார். மிஷன் பட்டு வியாபாரத்தில் பங்கு வைத்திருந்தது. அதே கப்பல்களில் ஜப்பானியர்கள் அடிமைகளாக விற்கப்பட்டுப் போனார்கள். ஹிதெயோஷி 1587இல் கோபப்பட்டதற்குக் காரணம் இல்லாமலில்லை.

ஆனால் இந்த வாதத்தை அதன் கடைசிவரை கொண்டுபோய்ப் பாருங்கள். கட்டளையால் வந்தது கட்டளையால் போயிருக்க வேண்டும். 1614க்குப் பிறகு கட்டளை தலைகீழாக மாறியது. காட்டிக்கொடுத்தால் வெள்ளிப் பரிசு, ஐந்து குடும்பத்தை ஒன்றாகக் கட்டி ஒருவர் தப்புக்கு எல்லோருக்கும் தண்டனை, வருஷாவருஷம் யேசு, மாதா உருவத்தை மிதித்துக் காட்ட வேண்டும், ஒவ்வொருவரும் ஒரு பௌத்தக் கோயிலில் பதிவு செய்திருக்க வேண்டும். 1638இல் ஷிமபாரா கிளர்ச்சி ரத்தத்தில் முடிந்தது. 1644இல் நாட்டுக்குள் எஞ்சியிருந்த கடைசிக் குரு, கொனிஷி மான்சியோ, கொல்லப்பட்டார். கப்பல் இல்லை, பட்டு இல்லை, பிரபு இல்லை, சாமியார் இல்லை. இனி என்ன லாபத்துக்காக ஒருவன் கிறிஸ்தவனாக இருப்பான்?

இருந்தார்கள். ஓமுராவின் ஆட்சி நிலமாக இருந்த சொதோமே கடற்கரையில் இருந்தார்கள். அங்கிருந்து 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கோத்தோ தீவுகளுக்குக் குடியேறியபோதும் கொண்டுபோனார்கள். ஊருக்கு ஊர் சின்ன அமைப்பு: நாட்காட்டியை வைத்துப் பண்டிகை, விரத நாள்களைக் கணித்துச் சொல்லும் ‘சோகாத்தா’, ஞானஸ்நானம் கொடுக்கும் ‘மிசுகாத்தா’, செய்தி கொண்டுபோகும் ‘கிகியாகு’. மீனவர்களும் சம்சாரிகளும். மிஷன் இருந்த காலத்தில் கிராமங்களில் தொடங்கிய பக்த சபைகளின் மிச்சம் இது. சாமியார் இல்லாமலேயே நடக்கும்படி ஓடிப் பழகிய அமைப்பு.

அவர்களிடம் ஒரு சின்னப் புத்தகமும் இருந்தது. ‘கொஞ்சிரிசான்’ பற்றி 1603இல் தொகுக்கப்பட்டது. ‘கொன்த்ரிசாவ்ங்’ என்ற போர்த்துக்கீசியச் சொல் ஜப்பானிய நாக்கில் அப்படி ஆகியிருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்க வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு ஒரு நல்ல சொல் தெரியும்: உத்தம மனஸ்தாபம். பாவசங்கீர்த்தனம் கேட்கச் சாமியார் இல்லாவிட்டாலும், உள்ளபடியே மனம் நொந்து அழுதால் பாவம் மன்னிக்கப்படும் என்பது போதனை. கோயில் பதிவுக்காக, உயிருக்காக, மாதா உருவத்தை மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து, ராத்திரி கதவை அடைத்துக்கொண்டு இதைச் சொல்லியிருக்கிறார்கள். அச்சுப் புத்தகம் அழிந்த பிறகும் கையால் எழுதி எழுதி 200 வருஷத்துக்கு மேல் கடத்தியிருக்கிறார்கள். எஞ்சினியர் புத்தி சொல்கிறது, நெட்வொர்க் போனாலும் ஓடும்படி யாரோ யோசித்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் இதை அந்த மொழியில் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ராத்திரி கதவை அடைத்துக்கொண்டு அழுதவர்கள் அவர்கள்.

1865 மார்ச் 17. நாகசாகியில் வெளிநாட்டவருக்காகக் கட்டிய ஓவுரா கோயிலில் பிரெஞ்சுக் குரு பெத்தித்ஜான் இருக்கிறார். உரக்கமி கிராமத்திலிருந்து பத்துப் பதினைந்து பேர் வருகிறார்கள். ஒரு பெண் பக்கத்தில் வந்து, எங்கள் மனமும் உங்கள் மனமும் ஒன்றுதான் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மாதா சுரூபம் எங்கே என்று கேட்கிறாள். பிரெஞ்சுக்காரர் அவர்களைக் ‘கண்டுபிடித்தார்’ என்றுதான் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. நடந்தது என்ன? அவர்கள் அல்லவா நடந்து வந்து, சோதித்துப் பார்த்து, இவர் நம்மாள்தான் என்று கண்டுபிடித்தார்கள்! அதற்கு விலையும் கொடுத்தார்கள். உரக்கமியிலிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நாடெங்கும் கடத்தப்பட்டார்கள். 1873இல் தடை நீங்குவதற்குள் அறுநூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

எண்டோ கட்சிக்காரர்கள் இங்கே ஒன்று கேட்பார்கள்: அவர்கள் காப்பாற்றியது கிறிஸ்தவம்தானா? ‘ஒராஷோ’ என்று அவர்கள் சொல்லிவந்த செபங்களில் லத்தீன் உருத்தெரியாமல் தேய்ந்திருந்தது, சடங்குகளில் பௌத்தமும் முன்னோர் வழிபாடும் கலந்திருந்தன, உண்மை. 1873க்குப் பிறகு ஒரு பகுதியினர் ரோமன் திருச்சபைக்குத் திரும்பவே இல்லை, எங்கள் தாத்தன் வழியே போதும் என்று இருந்துவிட்டார்கள். அதுவும் உண்மை. கலந்துபோனதால் அது வேர் பிடிக்கவில்லை என்று சொல்லும் நண்பர் எங்கள் ஊர்த் தேர்த்திருவிழாவுக்கு வரட்டும். மாதாவுக்கு மொட்டை போட்டுக் காது குத்தும் எங்கள் அத்தைமார்களிடம், ‘அக்கா, உங்களிடம் வேர் பிடிக்கவில்லை’ என்று சொல்லிப் பார்க்கட்டும்.

ஜப்பானியர் ஒருவர் முதன்முதலாக ஆயராக ஆனது 1927இல், நாகசாகியில், ஹயசாகா. நம் தூத்துக்குடிக்கு, சவேரியார் நடந்த அந்தக் கடற்கரை மக்களிலிருந்தே ரோச் ஆண்டகை முதல் ஆயராக வந்தது 1923இல். அங்கே 378 வருஷம், இங்கே 381. வலிஞானோ வெள்ளை என்று சொன்னவர்களுக்கும் கறுப்பு என்று சொன்னவர்களுக்கும் மூன்று வருஷம்தான் வித்தியாசம். இத்தனைக்கும் பரதவர்கள் சவேரியார் வருவதற்கு முன்பே, 1530களில், தங்கள் தலைவர்களைக் கொச்சிக்கு அனுப்பி, போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புப் பேசி, தாங்களே முடிவெடுத்து மதம் மாறியவர்கள். அவர்களையும் ‘சவேரியார் மனந்திருப்பிய மக்கள்’ என்றே எழுதுகிறோம்.

மொட்டை மாடி நண்பருக்கும், ‘அரிசிக் கிறிஸ்தவர்’ என்கிறவருக்கும், திருநாள் பிரசங்கம் வைக்கும் சாமியாருக்கும் பரம விரோதம் இருக்கலாம். ஆனால் மூன்று பேர் கதையிலும் ஆட்டுவிக்கிறவன் வெளிநாட்டுக்காரன், ஆடுகிறது உள்ளூர்க்காரன். இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எங்கள் ஊர்க் கோயிலுக்கு நூற்றாண்டு விழா வந்தபோது முகப்பில் ஒரு பளிங்குக் கல் பதித்தார்கள். தொடக்கத்திலிருந்து எல்லாப் பங்குச் சாமியார்களின் பெயரும், வருஷத்தோடு, தங்க எழுத்தில். எட்டு மாதம் மட்டும் இருந்தவர் பெயரும் இருக்கிறது. நாற்பது வருஷம் மணியடித்த தாத்தா பெயர் இல்லை. அவருக்கு முன்னால் இருந்த உபதேசியார்கள் பெயரும் இல்லை. விழாக் கமிட்டியில் போய்க் கேட்டேன். “கல்லுல எடம் இல்ல தம்பி” என்றார்கள். கல்லில் கீழே ஒன்றரை அடி காலியாகக் கிடக்கிறது, போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

தாத்தாவின் நோட்டு ஒன்று அப்பாவிடம் இருக்கிறது. ஆபத்துக்கால ஞானஸ்நானம் கொடுத்த குழந்தைகளின் பட்டியல். பெயர், தேதி, தகப்பன் பெயர், பாதிக்கு மேல் பெயர்களுக்கு எதிரில் ஒரு சின்னச் சிலுவை. அவருக்கு முன்னிருந்த நான்கு உபதேசியார்களின் பெயரைக் கடைசிப் பக்கத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்து, ஐந்தாவதாக அவர் பெயரையும் சேர்த்து, இந்த வாரம் கமிட்டிக்கு மறுபடியும் அனுப்பியிருக்கிறேன்.